பேர் கிடைத்தது, ஊர் தெரியவில்லை

ஹொனலூலுவிலிருந்து வடமேற்கே ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் தள்ளி, பசிபிக் பெருங்கடலின் நடுவே வளையமாகக் கிடக்கிறது ஒரு பவளத்திட்டு. 1822இல் பேர்ல், ஹெர்மீஸ் என்ற இரண்டு பிரிட்டிஷ் திமிங்கில வேட்டைக் கப்பல்கள் இங்கே மோதி உடைந்தன. அதனால் வரைபடங்களில் அதன் பெயர் பேர்ல் - ஹெர்மீஸ். ஹவாய் மக்களுக்கு அது மனாவாய். அங்கே மனிதக் குடியிருப்பு கிடையாது. 2006இல் அமெரிக்க அரசு, இந்தத் திட்டு அடங்கிய ஹவாயின் வடமேற்குத் தீவுச் சங்கிலி முழுவதையும் கடல் காப்பகமாக அறிவித்தது. பாப்பஹானௌமோகுவாகேயா என்ற பெயர் 2007இல் வந்தது. 2010இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் அது சேர்ந்தது. 2016இல் அதன் பரப்பு சுமார் 15 லட்சம் சதுர கிலோமீட்டராக விரிந்தது. அனுமதி இல்லாமல் ஒரு படகு உள்ளே போக முடியாது. கெடுதல் எதுவும் எளிதில் எட்டாத இடம் என்று கடல் உயிரியலாளர்கள் நம்பிக்கொண்டிருந்த கடற்பகுதி அது.

எல்லை விரிந்த அதே 2016ஆம் ஆண்டு, அமெரிக்கக் கடல் - வளிமண்டல நிர்வாகமான நோவாவின் ஆய்வுக் கப்பலிலிருந்து இறங்கிய முக்குளிப்பவர்கள் மனாவாயில் ஒரு செம்பாசியைப் பார்த்தார்கள். கொஞ்சமாகத்தான் இருந்தது. எடுத்துப் பாதுகாத்தார்கள், இன்னதென்று சொல்ல முடியவில்லை. 2019இல் அதே இடத்துக்குத் திரும்பியபோது வளையத்தின் வடகிழக்குப் பக்கம் அடையாளம் தெரியாமல் மாறியிருந்தது. பின்னிப் பிணைந்த பாசி கம்பளமாய்ப் பவளத்தை மூடிக் கிடந்தது. ஒவ்வொரு விரிப்பும் ஆயிரக்கணக்கான சதுர மீட்டர். அடியில் சிக்கிய பவளமும், அதை ஒட்டி வளரும் மற்றப் பாசிகளும் மூச்சடைத்துப் போயிருந்தன. அறுந்த துண்டுகள் நீரோட்டத்தில் உருண்டு அடுத்த திட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. ஆய்வாளர்கள் தாங்களே அதைச் சுமந்து பரப்பிவிடக் கூடாதென்று முக்குளிக்கும் உடைகளையும் கருவிகளையும் பிளீச்சிங் கரைசலில் ஊறவைத்த பிறகே அடுத்த இடத்துக்கு நகர்ந்தார்கள்.

இந்நிலையில் காப்பக நிர்வாகி கேட்கும் முதல் கேள்வி, ‘இதை எப்படி அழிப்பது’ என்பதாக இருக்க முடியாது. ‘இது யார்?’ என்பதுதான். இந்த இடத்துச் சொந்தப் பாசியே ஏதோ காரணத்தால் பெருகிவிட்டது என்றால் வைத்தியம் ஒன்று. வெளியூரிலிருந்து வந்து ஏறியது என்றால் வைத்தியம் வேறு. வகைப்பாட்டியல் என்றால் காய்ந்த செடிகளுக்குப் புரியாத பெயர் வைத்துப் பெட்டியில் பூட்டும் வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு மனாவாயைத்தான் காட்ட வேண்டும்.

செம்பாசிகளை அடையாளம் காண்பது ஏன் இவ்வளவு சிரமம் என்பதற்குக் கொஞ்சம் பின்னோக்கிப் போகவேண்டும். கடற்பாசிகளை நிறத்தால் பிரிக்கலாம் என்று 1836இல் முன்மொழிந்தவர் அயர்லாந்துக்காரர் வில்லியம் ஹென்றி ஹார்வி: சிவப்பு, பழுப்பு, பச்சை. அந்த மூன்று பெரும் பிரிவுகள் பெயர் மாறியும் இன்றுவரை நிற்கின்றன. ஆனால் சிவப்புக்குள்ளே நுழைந்தவுடன் நிறம் கைவிட்டுவிடுகிறது. ஃபைகோஎரித்ரின் என்ற நிறமிதான் செம்பாசியின் சிவப்புக்குக் காரணம். ஆழத்துக்கு எட்டும் நீலப்பச்சை ஒளியை உறிஞ்சிக்கொள்ள அது உதவுகிறது. பகாமாஸ் அருகே 268 மீட்டர் ஆழத்தில்கூடச் செம்பாசி படர்ந்திருப்பதை 1980களில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் வெயில் கொட்டும் ஆழமற்ற திட்டில் இந்த நிறமி குறைந்து, அதே இனம் பழுப்பாகவோ மஞ்சளாகவோ, ஏன் பச்சையாகவோகூடத் தெரியும். வடிவமும் அப்படித்தான். அலை மோதும் பாறையில் குட்டையாகத் தடித்தும், அமைதியான குடாவில் நெடுக மெலிந்தும் வளர்வது ஒரே இனமாக இருக்கலாம். ஒரே மாதிரி தெரியும் இரண்டு கொத்துகள் இரண்டு குடும்பத்தைச் சேர்ந்தவையாகவும் இருக்கலாம். இதுவரை விவரிக்கப்பட்ட செம்பாசி இனங்கள் 7,000த்துக்கு மேல்; அவற்றில் பெரும்பாலானவற்றை வெறுங்கண்ணால் உறுதிசெய்ய முடியாது.

அதனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மானியர் ஃபிரீட்ரிக் ஷ்மிட்ஸ் வேறு வழி பிடித்தார்: வெளித்தோற்றத்தை விட்டுவிட்டு, பெண் இனப்பெருக்க உறுப்பில் கருவுற்ற பிறகு என்ன நடக்கிறது என்று பார்ப்பது. ஸ்வீடன் நாட்டு ஹரால்ட் கைலின் அதை விரித்து எழுதிய செம்பாசிப் பேரினங்களின் பெருநூல் அவர் இறந்த பின் 1956இல் வெளிவந்தது. அரை நூற்றாண்டுக்கு அதுவே வேதம். இந்த முறையில் ஒரே ஒரு சங்கடம். கையில் கிடைத்த கொத்தில் பெண் உறுப்பு இருக்கவேண்டும். செம்பாசிகளின் வாழ்க்கையோ மூன்று கட்டம் கொண்டது: ஆண், பெண் செடிகள் ஒரு தலைமுறை, கருவுற்ற பெண் செடியின் மேலேயே ஒட்டி வளரும் ஒரு சிறு தலைமுறை, நான்கு நான்காக வித்துகளை உண்டாக்கும் தனிச் செடி இன்னொரு தலைமுறை. இவற்றில் எதற்கும் நீந்தும் செல் கிடையாது. ஆண் செல்கூட நீரோட்டத்தின் தயவில்தான் போகிறது. (ஒரு சிறு ஓட்டுமீன் அதைத் தன் உடலில் ஒட்டிக்கொண்டு, பூவுக்குத் தேனீ போல, பெண் செடிக்குக் கொண்டுபோவதை பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2022இல் காட்டினார்கள். கடலுக்குள் மகரந்தச் சேர்க்கை!) சேகரிப்பாளர் போகும் பருவத்தில் எந்தக் கட்டம் கண்ணில் படும் என்பது அதிர்ஷ்டம். எதுவுமே இல்லாத மலட்டுக் கொத்து கிடைத்தால் அந்தக் காலத்துப் பாசியியலாளர் கையைப் பிசைவார்.

கட்டங்கள் ஒன்றையொன்று பார்த்திராத அந்நியர் போலவும் இருக்கலாம். ஜப்பானியர் சோறு சுற்றும் நோரி, போர்பைரா வகைப் பாசியின் இலை. கோடையில் அது எங்கே போகிறது, மறுபடி எங்கிருந்து முளைக்கிறது என்பது யாருக்கும் தெரியாமல் இருந்தது. ஒரு பருவம் பொய்த்தால் மீனவர் கதி அதோகதி. கிளிஞ்சல் ஓட்டைத் துளைத்து வாழும் இளஞ்சிவப்பு நூல் ஒன்றுக்கு விஞ்ஞானிகள் கான்கோசெலிஸ் என்று தனிப் பேரினமே வைத்திருந்தார்கள். அந்த நூல்தான் இந்த இலையின் மறு கட்டம் என்று 1949இல் பிரிட்டிஷ் தாவரவியலாளர் கேத்லீன் ட்ரூ பேக்கர் நேச்சர் இதழில் எழுதினார். இரண்டு இனம் ஒன்றானது. அந்தக் கண்டுபிடிப்பின் மேல்தான் ஜப்பானின் நோரி வளர்ப்பு எழுந்து நின்றது. அவர் ஜப்பானுக்குப் போனதே இல்லை. ஆனாலும் கூமாமோட்டோ மாநிலத்தின் கடலோரத்தில் மீனவர்கள் அவருக்கு நினைவுச் சின்னம் எழுப்பியிருக்கிறார்கள்.

மனாவாய்ப் பாசி ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் அலிசன் ஷெர்வுட்டின் ஆய்வகத்துக்கு வந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜான் ஹ்யூஸ்மன் உட்பட மேலும் சிலர் சேர்ந்துகொண்டார்கள். முதல் வேலை பழைய வேலைதான்: நுண்ணோக்கி. இந்தத் துறையில் கிளையை மெல்லிய சக்கரமாக அறுக்க இன்றும் கை சவரத் தகடுதான் பயன்படுகிறது. அறுத்ததை அனிலின் நீலத்தில் தோய்த்து, கண்ணாடியில் வைத்து, சோளப்பாகு ஒரு சொட்டு விட்டு மூடுவார்கள். கடையில் வாங்கும் அதே சமையல் பாகுதான். பல்லாண்டுகள் கெடாமல் நிற்கும் என்பதால் பாசியியலாளர்கள் அதை விட்டு நகர்வதில்லை. அப்படி அறுத்த சக்கரத்தின் நடுவில் ஒரு செல். அதைச் சுற்றி வட்டமாக நிற்கும் செல்கள் எத்தனை என்று எண்ணவேண்டும். ஐந்து இருந்தால் மனம் கான்ட்ரியா என்ற பேரினத்தின் பக்கம் போகும். தோற்றத்தில் குழப்பும் லாரன்சியா வகைகளில் நான்கோ இரண்டோதான் இருக்கும். அப்புறம் கிளை நுனி: கூர்மையா, மழுங்கலா, குழிக்குள் பதுங்கியிருக்கிறதா; நிறமற்ற மெல்லிய மயிர்கள் கிளம்புகின்றனவா; சிறு கிளையின் அடி ஒடுங்கியிருக்கிறதா. எல்லாம் சேர்ந்து கான்ட்ரியா என்றன. ரோடோமெலேசி குடும்பம். செம்பாசிகளிலேயே பெரிய குடும்பம் அது. இனங்கள் 1,000த்தைத் தாண்டும்.

பேரினம் தெரிந்த பிறகுதான் உண்மையான தொல்லை. கான்ட்ரியா 1817இல் கார்ல் அகார்த் நிறுவிய பேரினம். இரண்டு நூற்றாண்டுகளில் 80 அளவில் இனங்கள் அதில் குவிந்துவிட்டன. சிலவற்றுக்கு வாழ்க்கை வரலாறே உண்டு: கான்ட்ரியா ஆர்மாட்டாவை ஜப்பானின் டோக்குனோஷிமா தீவில் குடற்புழு மருந்தாகப் பயன்படுத்திவந்தார்கள், 1958இல் அதிலிருந்துதான் டோமோயிக் அமிலத்தைப் பிரித்தார்கள். அதே அமிலம் 1987இல் கனடாவில் மட்டி சாப்பிட்டவர்களின் நினைவாற்றலைக் குலைத்த நஞ்சாக வந்து நின்றது வேறு கதை. அங்கே அதை உண்டாக்கியது ஒரு நுண்பாசி. மற்ற பல இனங்களுக்கு லத்தீனில் நான்கு வரி விவரிப்பும், எங்கோ ஒரு காப்பகத்தில் ஒரு காய்ந்த தாளும் மட்டுமே மிச்சம். மனாவாய்ப் பாசியைப் புது இனம் என்று சொல்லும் உரிமை வேண்டுமென்றால் நெருங்கிய இனங்களின் விவரிப்பையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து, ‘இது இல்லை, இதுவும் இல்லை’ என்று கழித்தாக வேண்டும். கழித்தார்கள். எதனோடும் பொருந்தவில்லை. பருத்த, திடமான உடல், உருளையான தண்டு, முதிர்ந்த கிளைகள் நல்ல தடிமன், அடுத்தடுத்த கிளைகளில் தடிமன் படிப்படியாகக் குறைவு, மழுங்கிய உருண்டை நுனி, பின்னிக் கம்பளமாகும் வளர்ச்சி. இவற்றை ஒருசேரக் கொண்ட கான்ட்ரியாவை யாரும் எழுதிவைக்கவில்லை.

அடுத்தது மரபணு. மூன்று இடங்களில் பார்த்தார்கள்: மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து சிஓஐ, பசுங்கணிகத்திலிருந்து ஆர்பிசிஎல், உட்கருவிலிருந்து எஸ்எஸ்யு. மூன்றும் மூன்று வேகத்தில் மாறுபவை. சிஓஐ விரைவாக மாறும். இனத்துக்கும் இனத்துக்கும் இடையிலான வேலியைக் காட்டும். 2005இல் கனடாவின் கேரி சாண்டர்ஸ் செம்பாசிகளுக்கு அதைப் பார்கோடாகப் பயன்படுத்திக் காட்டிய பிறகு துறையின் முகமே மாறியது. எஸ்எஸ்யு மெதுவானது, பேரினம், குடும்பம் போன்ற பழைய உறவுகளைச் சொல்லும். ஆர்பிசிஎல் நடுவில். மூன்று கூடுகளிலும் தனித்தனியாகப் பயணிக்கும் மரபுப் பொருள் ஒரே தீர்ப்பைச் சொன்னால் அதை நம்பலாம். சொன்னது: இது கான்ட்ரியாதான், ஆனால் கிடைக்கக்கூடிய எந்த வரிசையோடும் ஒத்துப்போகவில்லை.

‘கிடைக்கக்கூடிய’ என்ற அடைமொழியை அவசரத்தில் தாண்டிவிடக் கூடாது. புது இனம் பற்றிய செய்திகளில் முதலில் காணாமல் போவது அதுதான். பெயர் பெற்ற கான்ட்ரியாக்கள் எல்லாவற்றுக்கும் மரபணு வரிசை எடுக்கப்பட்டிருக்கவில்லை. எடுக்கப்படாத ஒன்று மனாவாய்ப் பாசியின் அசல் சொந்தமாகவே இருக்கலாம் அல்லவா? அதற்காகத்தான் பழைய விவரிப்புகளோடு தோற்றத்தை ஒப்பிடும் அந்தச் சலிப்பூட்டும் வேலை. மரபணு இல்லாத இனங்களை உருவம் கழிக்கிறது. உருவம் ஏமாற்றும் இடத்தை மரபணு பார்த்துக்கொள்கிறது. இரண்டில் எதையாவது மட்டும் வைத்துக்கொண்டு வரும் ‘புது இனம்’ ஒற்றைக்காலில் நிற்கிறது என்பேன். பழைய மாதிரித் தாளிலிருந்தே டிஎன்ஏ எடுக்கலாம் என்பதை 2001இல் ஜெஃப்ரி ஹியூயி, பால் சில்வா, மேக்ஸ் ஹாமர்சண்ட் மூவரும் பசிபிக் பாசிகளில் செய்து காட்டினார்கள். ஆனால் அது எல்லாத் தாளிலும் நடக்காது. ஃபார்மலினில் ஊறிய மாதிரியில் டிஎன்ஏ சிதைந்துபோயிருக்கும். அதனால்தான் இன்றைய சேகரிப்பாளர் ஒரு கொத்தை மூன்றாகப் பிரிக்கிறார்: ஒரு துணுக்கு சிலிக்கா ஜெல்லில், டிஎன்ஏவுக்கு, ஒன்று ஃபார்மலினில், நுண்ணோக்கிக்கு, மீதி தாளில், வருங்காலத்துக்கு.

அந்தத் தாளைத் தயாரிப்பதைப் பார்க்கவேண்டும். அகன்ற தட்டில் கடல்நீர். பாசியை மிதக்கவிட்டு, அடியில் தடித்த தாளை நுழைத்து, கிளைகளைத் தூரிகையால் விரித்துவிட்டு, தாளை ஒரு பக்கமாகச் சாய்த்து மெல்ல மேலே தூக்குவார்கள். நீர் வடிய வடியப் பாசி விரிந்த நிலையிலேயே தாளில் படியும். மேலே மஸ்லின் துணி, அதற்கு மேல் உறிஞ்சு தாள், அதற்கு மேல் பாரம். பெரும்பாலான பாசிகளுக்குப் பசையே வேண்டாம்; தம் வழவழப்பாலேயே ஒட்டிக்கொள்ளும். ஓரத்தில் இடம், நாள், ஆழம், எடுத்தவர் பெயர். 1753இல் லின்னேயஸ் தாவரங்களுக்கு இரட்டைப் பெயர் வைத்த காலத்திலிருந்து தொழில்நுட்பம் எவ்வளவோ மாறியும், இந்தத் தாளின் இடத்தை எதுவும் பிடிக்கவில்லை. பாசிகள், பூஞ்சைகள், தாவரங்களுக்கான பன்னாட்டுப் பெயரிடல் விதிப்படி ஒரு பெயரை இறுதியில் தாங்கி நிற்பது விவரிப்போ மரபணுவோ ஆகாது. குறிப்பிட்ட ஒரே ஒரு மாதிரி. நாளைக்கு இந்த இனத்தை யாராவது இரண்டாகப் பிரித்தால், அந்த மாதிரி எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கத்துக்கே பழைய பெயர்.

2011 முடியும்வரை லத்தீன் விவரிப்பு இல்லாமல் ஒரு பாசிக்குப் புதுப்பெயர் செல்லாது. 2012இலிருந்து ஆங்கிலமும் செல்லும், மின்னிதழும் செல்லும். அதன்படி 2020 ஜூலையில் பிளாஸ் ஒன் இதழில் கான்ட்ரியா டுமுலோசா என்ற பெயர் உலகுக்கு வந்தது. டுமுலோசா என்றால் மேடு நிறைந்தது. கம்பளத்தின் மேடுபள்ளத்தைப் பார்த்து வைத்த பெயர்.

புது இனம் என்றால் புதிதாய்ப் பிறந்த உயிர் இல்லை என்பது சொல்லாமலே விளங்கும். அது எங்கோ பல லட்சம் ஆண்டுகளாக இருந்திருக்கவேண்டும். எங்கே? இந்தக் கேள்விக்கு முன்னால் கட்டுரையாளர்கள் காட்டிய நிதானம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆக்கிரமிப்பு இனம் என்று எழுத எல்லாத் தூண்டுதலும் இருந்தது. பத்திரிகைகள் அப்படித்தான் எழுதின. அவர்களோ, வெளியிலிருந்து வந்தது என்று உறுதியாகாத ஒன்றை ஆக்கிரமிப்பு இனம் என்று சொல்ல முடியாது என்று எழுதி, பூர்வீகம் அறியப்படாதது என்ற பிரிவில் வைத்தார்கள். 1996இல் அமெரிக்கக் கடல் உயிரியலாளர் ஜேம்ஸ் கார்ல்டன் வாதிட்டு நிலைநிறுத்திய பிரிவு அது: சொந்த இனம் என்றும் நிரூபிக்க முடியாமல், வந்தேறி என்றும் நிரூபிக்க முடியாமல் நிற்பவை. அதுவரை சந்தேகத்துக்கிடமான எல்லாவற்றையும் ‘இங்கேயே இருந்தது’ கணக்கில் போட்டுவிடுவது வழக்கமாக இருந்தது.

ஆனாலும் ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல அவர்களால் முடிந்தது: ஹவாயின் அறியப்பட்ட சொந்தப் பாசிகள் எதற்கும் இது நெருங்கிய உறவு இல்லை. இந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் இருக்கும் உழைப்பு கட்டுரையில் தெரியாது. கடற்பாசியை ‘லிமு’ என்று சொல்லி உணவாக உண்ணும் ஹவாய்ப் பெண்களிடம் தொடங்கியது அது. அந்த மரபில் வளர்ந்து, 1950இல் பெர்க்லியில் முனைவர் பட்டம் பெற்ற இசபெல்லா ஆபட், ஹவாய்த் தீவுகளின் செம்பாசிகள் பற்றிய தொகுப்பு நூலை 1999இல் முடித்தார். அப்போது அவருக்கு வயது 80. பிறகு 2006 முதல் 2010 வரை ஷெர்வுட்டின் குழு ஹவாய்ச் செம்பாசிகளைத் தீவு தீவாகச் சேகரித்துப் பார்கோடு எடுத்தது. அந்த இரண்டும் இல்லாமல் ‘ஹவாயில் இதற்கு உறவு இல்லை’ என்று யாரும் சொல்லியிருக்க முடியாது. இல்லை என்று சொல்வதற்குத்தான் அதிகம் சேகரித்திருக்கவேண்டும்.

அக்காந்தோஃபோரா ஸ்பைசிஃபெரா என்னும் பாசியின் கதையை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். அதுவும் ரோடோமெலேசி குடும்பம்தான். முள்முள்ளாய், தொட்டால் ஒடியும் செம்பாசி. கரீபியன் தீவொன்றிலிருந்து எடுத்து 1802இல் வால் என்ற டேனிஷ் அறிஞர் விவரித்தது; இன்றைய பெயரை 1910இல் தந்தவர் இன்னொரு டேனிஷ் அறிஞர் பர்கசன். தமிழகத்தின் மண்டபம் கடற்கரையில் இது சர்வ சாதாரணம். யாரும் அதை எதிரியாகப் பார்ப்பதில்லை. ஹவாயிலோ இன்று மிகப் பரவலான அயல் பாசி. அது எப்படி வந்தது என்பது தெரியும்: 1950ஐ ஒட்டி, குவாமிலிருந்து இழுத்துவரப்பட்ட எரிபொருள் தோணியின் அடிப்பாகத்தில். தெரியக் காரணம், அதற்கு முந்தைய ஹவாய்ச் சேகரிப்புகளில் அது இல்லை. அதற்குப் பிந்தையவற்றில் இருக்கிறது. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் மேக்ஸ்வெல் டோட்டி அதைக் கவனித்து 1961இல் எழுதிவைத்தார். ஏற்கெனவே பெயர் பெற்றிருந்ததால், அதன் சொந்த ஊர் எது என்ற கேள்விக்கும் பதில் கையில் இருந்தது.

அதே டோட்டிக்கு மன்னார் வளைகுடாவோடும் ஒரு தொடர்பு உண்டு. உணவுத் தொழிலுக்கான கராஜீனன் தரும் பாசியைத் தேடிப் பிலிப்பீன்ஸில் வளர்ப்பை முன்னெடுத்தவர் அவர். 1970களில் அந்த வகைகளை ஹவாயின் கானேயோஹே விரிகுடாவுக்கும் ஆய்வுக்காகக் கொண்டுவந்தார். அவற்றில் முக்கியமான இனத்துக்கு ஆல்வரெசி என்ற பெயரை 1985இல்தான் வைத்தார். 1988இல் காப்பாஃபைக்கஸ் என்ற புதுப் பேரினத்துக்கு அதை மாற்றினார். பெயர் உறுதியாகும் முன்பே பாசி கடலில் இறங்கிவிட்டது. பிற்பாடு அது பவளத்தின் மேல் ஏறியபோது, ராட்சதக் குழாய் பொருத்திய ‘சூப்பர் சக்கர்’ தோணியால் உறிஞ்சியெடுத்தும், வளர்த்த கடல் முள்ளெலிகளை மேயவிட்டும் கட்டுப்படுத்தவேண்டியதாயிற்று. கானேயோஹேயில் படர்ந்தவற்றில் எது எந்த இனம் என்பதுகூட ஷெர்வுட் பங்கேற்ற 2009ஆம் ஆண்டு மரபணு ஆய்வுக்குப் பிறகுதான் தெளிவானது. வடிவம் அவ்வளவு ஏமாற்றியிருந்தது.

அந்தக் காப்பாஃபைக்கஸ்தான் ராமநாதபுரம் கடற்கரையில் மூங்கில் மிதவைகளில் வளர்கிறது. ஊரில் அதற்கு ‘பெப்சி பாசி’ என்று பெயர், அந்த நிறுவனம் அதை ஒப்பந்தத்தில் வளர்க்கவைத்த காலத்தின் ஞாபகமாக. மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்ற கடற்பாசிகளை முக்குளித்து எடுத்துவந்த பெண்களுக்கு அது வருமானம் தந்தது. மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் அது உயிருள்ள பவளத்தின் மேல் படர்ந்திருப்பதை 2008இல் கரண்ட் சயின்ஸ் இதழில் வந்த ஆய்வு பதிவு செய்தது. பரவலின் அளவு பற்றி ஆய்வாளர்களிடையே வாதம் உண்டு. ஆனால் அது யார், எங்கிருந்து வந்தது என்பதில் ஒருவருக்கும் சந்தேகமில்லை. குருசடையின் பாசிகளை 1927லேயே சென்னைப் பல்கலைக்கழகத்தின் எம்.ஓ.பி. ஐயங்கார் பட்டியலிட்டிருந்தார். அக்காந்தோஃபோராவுக்கு இன்றைய பெயர் தந்த அதே பர்கசன் 1930களில் தென்னிந்தியக் கடற்பாசிகளைப் பற்றி வரிசையாக எழுதினார். ‘முன்பு இல்லை, இப்போது இருக்கிறது’ என்று மன்னாரில் சொல்ல முடிவது அந்தப் பழைய பட்டியல்களால்தான். மனாவாய்க்கு அப்படி நூறாண்டுப் பட்டியல் கிடையாது. போவதே அரிதான இடம்.

நம் கரையின் கணக்கும் முடிந்ததல்ல. பஞ்சாப் மத்தியப் பல்கலைக்கழகத்தின் ஃபெலிக்ஸ் பாஸ்ட் குழு ஹிப்னியா இண்டிகா, ஹிப்னியா புல்லாட்டா என்ற இரண்டு புதிய செம்பாசி இனங்களை விவரித்திருக்கிறது. இரண்டும் கன்னியாகுமரியில் கிடைத்தவை. வருடம் முழுக்கச் சுற்றுலாக் கூட்டம் நிற்கும் பாறைகள் அவை. ஆள் போகாத கடலில்தான் புது இனம் இருக்கும் என்பது கிடையாது. உட்கார்ந்து நுண்ணோக்கியில் பார்க்கும் ஆள்தான் குறைவு. தாவரவியல் துறைகளில் பாசி வகைப்பாட்டைப் பாடமாக நடத்தக்கூடியவர்கள் ஓய்வுபெற்றுக்கொண்டே போகிறார்கள். அந்த இடத்தை மரபணு இயந்திரம் நிரப்பிவிடும் என்று நினைக்கும் நிர்வாகங்களுக்கு, வரிசை கிடைத்ததும் அதை எந்தத் தாளோடு ஒப்பிடுவது என்ற கேள்வி பிறகுதான் எழுகிறது.

டுமுலோசா மனாவாயோடு நிற்கவில்லை. அடுத்த சில ஆண்டுகளில் மிட்வேயிலும் குரேயிலும் அது இருப்பது உறுதியானது. இரண்டும் அதே சங்கிலியின் வடமேற்குக் கோடியில் இருப்பவை. பெயரோடு மரபணு வரிசையும் பொதுத் தரவுத்தளத்தில் ஏறியிருப்பதால், நகம் அளவுத் துண்டு கிடைத்தாலும் இதுதானா என்று ஆய்வகத்தில் உறுதிசெய்யலாம். 2019இல் அந்த வசதி இல்லை. எங்கிருந்து வந்தது என்பதற்கு மூன்று வழிகள் பேசப்படலாம். கப்பலின் அடிப்பாகம் ஒன்று. இரண்டாவது, பசிபிக் முழுவதிலிருந்தும் இந்தத் திட்டுகளில் வந்து சிக்கும் அறுந்த மீன்வலைகள். நோவாவின் குழுக்கள் மனாவாயில் அவற்றை டன் கணக்கில் வெட்டி அகற்றியிருக்கின்றன, ஒவ்வொரு வலையும் தன்மேல் ஏதாவது உயிரை ஏற்றிக்கொண்டுதான் வருகிறது. மூன்றாவது, அது ஆதியிலிருந்தே ஏதோ ஒரு பாறை இடுக்கில் கண்ணில் படாமல் இருந்து, நீரின் வெப்பமோ மேயும் மீன்களோ மாறியதும் பெருகியிருக்கலாம் என்பது. அந்த மூன்றாவதைத் தள்ளிவிட என்னிடம் காரணமில்லை, கட்டுரையாளர்களும் தள்ளவில்லை. தீர்த்துவைக்கக்கூடியது ஒன்றுதான்: 2016க்கு முன் எடுத்த ஒரு மாதிரி. அது டோக்கியோவிலோ மணிலாவிலோ சிட்னியிலோ ஏதோ ஒரு காப்பகத்தின் கோப்புக்குள், வேறு கான்ட்ரியாவின் பெயர் எழுதப்பட்டு, நாளும் இடமும் குறித்த ஒரு தாளில் ஒட்டிக்கொண்டிருக்கக்கூடும். திறந்து பார்ப்பவர் அதன் ஓரத்தில் ஒரு துணுக்கைக் கிள்ளி சிஓஐ எடுத்துப் பார்த்தால் போதும். ஒப்பிட வேண்டிய வரிசை இப்போது எல்லாருக்கும் திறந்திருக்கிறது.